வேன் மாமாவின் இரண்டு சம்மன்கள்

அவருடைய முழுப் பெயரை நான் முதன்முதலாக ஒரு கோர்ட் சம்மனில்தான் படித்தேன். அதற்குமுன் பதினோரு வருடம் அவருடைய வேனில் பள்ளிக்கூடம் போய்வந்திருக்கிறேன். மலேசியாவின் கேமரன் மலையில் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் அவர் வேன் மாமா. எனக்கும் வேன் மாமா, என் அப்பாவுக்கும் வேன் மாமா, ஆபீஸில் கணக்கெழுதிக்கொண்டு எல்லோரையும் அதட்டும் கிராணிக்கும் வேன் மாமா. சம்மனில் இருந்த பெயரை வாசித்துவிட்டு, யார் மாமா இது என்று கேட்டேன். "நாந்தான் போல" என்றார். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அது கோர்ட்டுக்குத் தெரிந்தால் போதும்.

ஆள் ஒல்லி. குளிருக்கு இரண்டு ஸ்வெட்டர், ஒன்றின்மேல் ஒன்று. உள்ளே இருப்பதன் காலர் ஒரு பக்கம் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். ஸ்டீயரிங்கின்மேல் தாடையை வைத்துவிடுவார்போல முன்னால் குனிந்துதான் ஓட்டுவார். தேயிலைச் சரிவைச் சுற்றிச் சுற்றி இறங்கும் எஸ்டேட் ரோட்டில் ஒவ்வொரு வளைவுக்கும் இரண்டு சின்ன ஹார்ன். அந்தப் பக்கம் ஈ காக்கை இல்லாவிட்டாலும் இரண்டு. பின்சீட்டிலிருந்து நாங்களும் வாயால் கூடவே ஹார்ன் அடிப்போம். கோபப்பட மாட்டார். "சத்தம் பத்தல" என்பார்.

மலாயில் தப்புக்கு சாலா என்று பெயர். எங்கள் எஸ்டேட் தமிழில் அது எப்போதோ வந்து உட்கார்ந்துகொண்டது. குழாயில் தண்ணீர் நின்றால் யார் சாலா, சோறு குழைந்தால் யார் சாலா என்று நாள் முழுக்க அடுத்தவர்மேல் எறிவதற்குத்தான் நாங்கள் அதை வைத்திருந்தோம். தன்மேல் போட்டுக்கொள்வதற்கு வைத்திருந்தவர் மாமா ஒருவர்தான்.

நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாய் வேனுக்குக் குறுக்கே பாய்ந்தது. அவர் பிரேக் போட, என் உதடு முன்சீட்டுக் கம்பியில் இடித்துக் கிழிந்தது. காயம் சின்னது, நான் போட்ட கூச்சல்தான் பெரியது. சாயங்காலம் மாமா எங்கள் லயத்து வாசலில் வந்து நின்றார், கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. அப்பா குளித்துவிட்டுத் துண்டோடு வெளியே வரும்வரை அப்படியே நின்றார்.

"பாப்பா ஒதடு கிழிஞ்சது என் சாலா" என்றார்.

அப்பா குழம்பிப்போய், நாய் குறுக்கே வந்ததாகத்தானே பிள்ளை சொன்னாள் என்று இழுத்தார்.

"நாய் வந்தது நாயோட வேல. வேகமா போனது நானு."

அவ்வளவுதான். பிஸ்கட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இதற்கெல்லாமா ஒரு ஆள் மேட்டில் ஏறி வருவார் என்று அம்மா இரண்டு நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்கு என்னவோ அந்தக் கிழிந்த உதட்டின்மேல் ஒரு மரியாதையே வந்துவிட்டது.

கிராணியின் பூந்தொட்டிக் கதை எஸ்டேட் முழுக்கத் தெரியும். வேனைப் பின்னால் எடுக்கும்போது ஆபீஸ் வாசலில் மூன்று தொட்டிகளை மாமா உடைத்துவிட்டார். யாரும் பார்க்கவில்லை. கிராணியோ குரங்குகள்தான் உடைத்தன என்று முடிவுகட்டி, மத்தியானமே வேலி போட ஆள் தேடிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட ட்ரிப் முடிந்ததும் மாமா நேராகப் போய்ச் சொல்லிவிட்டார். தெரிந்தவர் என்று பார்க்காமல் கிராணி அரைமணி நேரம் திட்டினார். அதன்பின் மாமா சொன்னாராம், "குரங்க விட்டுடுங்க கிராணி. அதுங்களுக்கு வாயில்ல, வந்து சொல்ல."

அன்றைய சாலாவை அன்றைக்கே, ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுதான் அவருடைய ஒரே சட்டம். இதில் மிக அதிகமாகக் கஷ்டப்பட்டது அவருடைய மனைவி, எங்கள் அத்தை. "இவரு சாலா சொல்லப் போறதுக்கே தனியா ஒரு டேங்க் பெட்ரோல் வேணும்" என்பார். பிரிஞ்சாங் டவுனில் சுற்றுலாக் கூட்டத்தில் ஒருமுறை நின்றுகொண்டிருந்த காடி ஒன்றில், அதாவது கார் ஒன்றில், வேன் உரசிவிட்டது. காடிக்காரர் ஸ்ட்ராபெர்ரி பறிக்கப் போயிருந்தார். மாமா எங்கள் எட்டுப் பேரையும் வேனுக்குள் வைத்துக்கொண்டு மழையில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார். வந்தவர் கோலாலம்பூர்க்காரர். உங்கள் காடிமேல் கோடு போட்டது நான்தான் என்று ஓர் ஆள் சிரித்துக்கொண்டே வந்து சொன்னால் யார் நம்புவார்? ஏதோ ஸ்கேம் என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பறந்துவிட்டார். மாமா அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை என்று அத்தை சொன்னார்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் நான் போய்ச் சட்டம் பேசினேன்.

அப்போது நான் ஈப்போவில் லா இரண்டாம் ஆண்டு. லா இரண்டாம் ஆண்டு மாணவியைவிட அதிகம் சட்டம் தெரிந்த ஆள் உலகத்தில் கிடையாது. எஸ்டேட்டிலிருந்து லா படிக்கப் போன முதல் பெண் வேறு. செமஸ்டர் லீவுக்கு வந்தால் யாருக்காவது சட்ட ஆலோசனை சொல்லியே தீருவது என்று அலைவேன். மாமா என்னை லாயரம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். கேலிதான், ஆனால் எனக்குப் பிடித்திருந்தது.

அந்த லீவில் ஒரு காலை ஏழரை மணிக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி வேனோடு திரும்பிக்கொண்டிருந்தார். கோலா தெர்லா போகும் பெரிய ரோட்டிலிருந்து எங்கள் எஸ்டேட்டுக்குள் வர வலது பக்கம் திரும்ப வேண்டும், எதிரே வரும் வண்டிக்கு வழிவிட்டு. நல்ல பனி. எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. மாமா திரும்பினார். வேனின் பக்கவாட்டில் மோட்டார் வந்து மோதியது.

ஓட்டிவந்தவர் கோலா தெர்லாவில் வாடகை அறையில் தனியாக இருக்கும் ஒரு தமிழ்ப் பெண். நாற்பது வயது இருக்கும். பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. மாமா ரோட்டில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, தன் ஸ்வெட்டர்களில் ஒன்றைக் கழற்றிப் போர்த்தி, ஆம்புலன்ஸ் வரும்வரை இருந்திருக்கிறார். அந்த அக்காவுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்திருக்கிறது. சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியவில்லை. அவரை ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

மாமாவின் வேனைப் போலீஸ் பிடித்து வைத்துக்கொண்டது. அன்று சாயங்காலமே மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பாவின் காடியில் ஈப்போவுக்குக் கூட்டிப் போகச் சொல்லிக் கேட்க வந்திருந்தார். அப்பா சாவியை எடுத்துவிட்டார். நான்தான் வாசலை மறித்து நின்றேன்.

"போகாதீங்க மாமா. இதுல ரெண்டு கேஸ் இருக்கு. கிரிமினல் ஒண்ணு, சிவில் ஒண்ணு."

அவரை நாற்காலியில் உட்காரவைத்து, ஃபோனில் இருந்த நோட்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு விளக்கினேன். கிரிமினல் என்றால் கவர்மெண்ட் உங்கள்மேல் போடுவது. கவனமில்லாமல் ஓட்டினதற்குத் தண்டனை. அபராதம், லைசென்ஸ், ஜெயில், எதுவும் நடக்கலாம். சிவில் என்றால் அடிபட்டவர் போடுவது. தண்டனை இல்லை, நஷ்டஈடு. அதை உங்கள் இன்சூரன்ஸ் கொடுக்கும். ஒன்றில் ஜெயித்தால் இன்னொன்றில் ஜெயித்ததாக அர்த்தம் இல்லை. ஆனால் ஒன்றில் வாயைவிட்டால் இன்னொன்றில் அதை எடுத்துவந்து முகத்தில் வீசுவார்கள். நீங்கள் போய் என் சாலா என்று சொன்னால் அதற்குப் பெயர் ஒப்புதல். இன்சூரன்ஸ் தாளிலேயே போட்டிருக்கிறது பாருங்கள், கம்பெனியைக் கேட்காமல் தப்பை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று. ஆங்கிலத்தில் இருந்ததை விரல் வைத்துக் காட்டினேன். நான் சொன்னதில் ஒரு வரிகூடத் தப்பில்லை. இன்றைக்குப் பரீட்சையில் எழுதினாலும் முழு மார்க்.

"சும்மா பாத்துட்டு மட்டும் வந்துடட்டா?" என்று கேட்டார்.

"நீங்க சும்மா பாத்துட்டு வர்ற ஆளா மாமா?"

அப்பா சாவியை ஆணியில் திரும்ப மாட்டினார். மாமா கொஞ்ச நேரம் அந்தச் சாவியையே பார்த்துவிட்டு எழுந்து போனார்.

முதல் சம்மன் இரண்டு மாதத்தில் வந்தது. தானா ராத்தா கோர்ட். ஒப்புக்கொள்ளாதீர்கள், விசாரணை கேளுங்கள் என்று மூன்று நாள் ஃபோனில் அவருக்குப் பயிற்சி கொடுத்தேன். மலாயில் சொல்ல வேண்டியது இரண்டே சொல், மிந்தா பிச்சாரா. கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிக்காட்டினார். அன்றைக்கு கிளாஸைக் கட் அடித்துவிட்டு பஸ் ஏறி வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கோர்ட்டில் மலாயில் எப்படிக் கேட்பார்கள் என்பதை நான் யோசிக்கவே இல்லை. மெங்காக்கு சாலா? அந்தச் சொல் காதில் விழுந்ததும் மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு மாதமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்த ஆளுக்கு, அரசாங்கமே உடுப்புப் போட்டு நின்று கேட்கிறது.

"சாலா துவான். சாயா பூஞா சாலா" என்றார். தப்புதான் ஐயா, என் தப்பு.

ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அபராதம், ஆறு மாதம் லைசென்ஸ் தடை, ஒரு எச்சரிக்கை. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

வெளியே வந்து மாமாக் என்னும் தமிழ் முஸ்லிம் டீக்கடை ஒன்றில் தே தாரிக் வாங்கிக்கொடுத்தேன். நிம்மதியாக இருப்பார் என்று நினைத்தேன். டம்ளரைத் தொடவே இல்லை.

"இப்ப நான் யாருகிட்ட சொன்னேன்?" என்று கேட்டார்.

"மாஜிஸ்ட்ரேட்கிட்ட."

"அவருக்கா கால் ஒடஞ்சிச்சி?"

நான் விடவில்லை. கிரிமினலில் தப்பு என்பது அடிபட்டவருக்குச் செய்தது என்று கணக்கில்லை, கவர்மெண்டுக்குச் செய்தது என்று விளக்கினேன்.

"கவர்மெண்ட் அன்னிக்கி மோட்டார்ல வந்துச்சா?"

பக்கத்து மேசைக்காரர் சிரித்துவிட்டார். மாமா சிரிக்கவில்லை. இப்போதாவது அந்தம்மாவைப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார். கிரிமினல்தான் முடிந்திருக்கிறது, சிவில் இன்னும் வரவே இல்லை, ஆறு வருடம்வரை கேஸ் போடலாம் என்றேன்.

"ஆறு வருஷமும் இத வாயிலயே வச்சிருக்கணுமா?"

ஆமாம் என்றேன். சட்டம் சட்டம்தானே என்று தே தாரிக்கைக் குடித்து முடித்தேன்.

அதற்குப் பிறகு அவர் வேறு மாதிரி ஆகிவிட்டார் என்று வீட்டிலிருந்து செய்தி வந்துகொண்டிருந்தது. வேறு ஓர் ஆள் வேன் ஓட்டினார். மாமா எஸ்டேட் ரோட்டில் நடந்தார். யாருடைய சட்டியையோ தட்டிவிட்டாராம், ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாராம். அத்தைதான் அம்மாவிடம் வந்து புலம்பியிருக்கிறார். பெரியதைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு, சின்னதை மட்டும் எந்த முகத்தோடு சொல்வது என்று மாமா கேட்டாராம்.

அடுத்த லீவில் நான் வந்தபோது அவரே ஒன்று சொன்னார். ஒருநாள் பஸ் ஏறி கோலா தெர்லாவுக்குப் போயிருக்கிறார். கோழி எருவும் கோஸ் லோரிகளுமாக நிற்கும் அந்த ரோட்டோரத்தில்தான் அந்தக்காவின் வாடகை அறை. பஸ் அங்கே நிற்கும். இவர் இறங்கவில்லை. ஜன்னலோரமாக உட்கார்ந்து பார்த்துவிட்டு அப்படியே கடைசி ஸ்டாப்புக்குப் போய், அதே பஸ்ஸில் திரும்பி வந்திருக்கிறார்.

"ஊனுகோல வெளிய சாத்தி வச்சிருந்தாங்க. மழ பேஞ்சிக்கிட்டு இருக்கு. அது நனையிது" என்றார். "எறங்கி உள்ள எடுத்து வச்சிருக்கலாம். நீ சொன்னியேன்னு எறங்கல."

நான் நல்லது செய்தீர்கள் மாமா என்றேன். எழுத வெட்கமாக இருக்கிறது, அப்படித்தான் சொன்னேன்.

இரண்டாவது சம்மன் விபத்து நடந்து எட்டாவது மாதம் வந்தது. இங்கே எங்கள் ஊர்க் குழப்பம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்களுக்கு சம்மன் என்றால் ஒரே அர்த்தம்தான். போலீஸ் கொடுப்பது, போய்க் கட்டினால் முடிந்துபோவது. அந்தக்காவின் லாயர் அனுப்பிய சிவில் கேஸ் தாளின் தலையிலும் சம்மன் என்றே போட்டிருந்தது. மாமா என்ன செய்வார்? ஏற்கெனவே கட்டிய அபராத ரசீதை எடுத்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். இது எங்களுடையது இல்லை என்றார்கள். போஸ்ட் ஆபீஸ் கவுண்டருக்குப் போனார். கம்ப்யூட்டரில் இந்த நம்பர் இல்லை என்றார்கள். லைசென்ஸ் கொடுக்கும் ஜேபிஜேவுக்குப் போனார். அங்கே இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார்கள். பதினான்கு நாளுக்குள் பதில் போட வேண்டிய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பத்து நாள் அலைந்திருக்கிறார். தற்செயலாக அம்மா அதை ஃபோனில் படம் பிடித்து அனுப்ப, நான் அலறியடித்துக்கொண்டு மலை ஏறினேன்.

"ஒரே சாலாவுக்கு ரெண்டு தடவ எதுக்கு சம்மன்?" என்றார். எனக்காகத்தான் மெதுவாகக் கேட்டார் என்று நினைக்கிறேன். "அன்னிக்கி தானா ராத்தால நான் சொன்னது அவங்களுக்குப் போய்ச் சேரலியா? யாரும் அவங்ககிட்ட சொல்லலியா?"

இல்லை மாமா, அதைச் சொல்வது யாருடைய வேலையும் இல்லை என்றேன்.

இன்சூரன்ஸ் கம்பெனி அவருக்காக ஒரு லாயரை வைத்தது. கூர்மையான ஷூ போட்ட இளைஞர், தமிழர்தான். நல்லவர்தான் என்று இப்போது தோன்றுகிறது. அவருடைய வேலையை அவர் செய்தார். தப்பு முழுவதும் மாமாவுடையது இல்லை, அந்தக்காவுக்கும் ஒரு பங்கு உண்டு என்று காட்டினால் அந்த அளவுக்கு நஷ்டஈடு குறையும். அதற்காக ஒரு வாக்குமூலம் டைப் செய்து வைத்திருந்தார். மாமாவுக்குப் புரியும்படி நான் அதைத் தமிழில் வாசித்துக்கொண்டே வந்தேன். எதிரே வந்த மோட்டாரில் விளக்கு எரியவில்லை என்ற வரியில் மாமா கையைத் தூக்கினார்.

"எரிஞ்சிச்சி" என்றார்.

லாயர், பனியில் சரியாகத் தெரிந்திருக்காதே என்று எடுத்துக் கொடுத்தார்.

"நல்லா தெரிஞ்சிச்சி சார். அந்த வெளிச்சத்தப் பாத்துட்டுத்தான், அதுக்குள்ள திரும்பிடலாம்னு திரும்புனேன்."

எட்டு மாதத்தில் இதை யாருமே அவரிடம் கேட்டிருக்கவில்லை. தெரியாமல் நடந்ததாகத்தான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். தெரிந்து, ஒரு நொடி முந்திக்கொள்ளலாம் என்று நினைத்து, அந்த ஒரு நொடியைத்தான் அவர் எட்டு மாதமாக வாயில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார். அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். குனிந்து அவர் காதில், இது உங்கள் பக்கத்துக்கு நல்லது மாமா, ஒரே ஒரு வரிதானே, கையெழுத்துப் போடுங்கள் என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. பிள்ளை வேனில் எதையோ மறந்து வைத்துவிட்டு இறங்கிப் போகும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"லாயரம்மா, அவங்க மோட்டார்ல லைட்ட நான் போய் அணைக்கணுமா?"

லாயர் தன் பேனாவாலேயே அந்த வரியை அடித்து நீக்கினார்.

செஷன் கோர்ட் மலைக்குக் கீழே, மூன்று மணி நேரத் தூரம். அப்பா காடியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு நிறுத்த இடம் தேடிப் போனார். மாமா அன்றைக்கு ஒரே ஸ்வெட்டர். இன்னொன்று ஆம்புலன்ஸோடு போனது போனதுதான். கீழே அடித்த வெயிலுக்கு அந்த ஒன்றுமே அதிகம், கழற்றவில்லை.

கேஸை விசாரிப்பதற்கு முன்னால் சமரசம் பேசிப் பாருங்கள் என்று நீதிபதி சொல்லிவிட்டார். இரண்டு பக்கத்து லாயர்களும் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். தொண்ணூறு பத்து, எண்பது இருபது என்று தப்பைக் கூறுபோடுவது வெளியேவரை கேட்டது. வெளியே நீளமான ஒரு பெஞ்ச். ஒரு முனையில் நானும் மாமாவும். மறு முனையில் அந்தக்கா, பக்கத்தில் ஊன்றுகோல். நான் அவரை அப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறேன். அதுவரை அவர் எனக்குக் கேஸில் ஒரு பக்கம், அவ்வளவுதான். சிவப்புப் பூப்போட்ட பாஜு கூரோங் உடை, கோர்ட்டுக்காக எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. ஹோட்டல் வேலை போய்விட்டது என்பது தாளில் படித்ததுதான். இடது காலை மடக்க முடியாமல் பெஞ்சுக்கு வெளியே நீட்டி வைத்திருந்தார். அதைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்தப் பக்கத்தோடு பேசக் கூடாது என்று லாயர் கதவைச் சாத்துவதற்கு முன்னால் சொல்லியிருந்தார். மாமா கால்மணி நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்தார். நான் அவருடைய ஸ்வெட்டர் கையைப் பிடித்தேன். பிடித்தேன்தான். அவர் மெதுவாக என் விரல்களை எடுத்துவிட்டு, பெஞ்சின் அந்த முனைக்கு நடந்து போனார். நானும் பின்னால் ஓடினேன்.

அந்தக்காவின் முன்னால் நின்று, கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்.

"உங்க லைட்ட நான் பாத்தேன்மா. பாத்துட்டும் திரும்புனேன். என் சாலா."

அந்தக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார், அல்லது கத்துவார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"தெரியும்" என்றார். "நீங்க பக்கத்துல உக்காந்திருந்ததும் தெரியும். ஸ்வெட்டர் போத்துனதும் தெரியும். ஆஸ்பத்திரியில பதினேழு நாளு இருந்தேன். பாக்க வர்ற நேரம் ஆனா கதவையே பாத்துக்கிட்டு படுத்திருப்பேன், அந்த ஆளு வருவாருன்னு. நர்ஸுகிட்டகூட சொல்லி வச்சிருந்தேன், ஒல்லியா ஒருத்தரு வருவாரு, உள்ள விடுங்கன்னு. நீங்க வந்திருந்தா நான் லாயர் ஆபீஸ் படியே ஏறியிருக்க மாட்டேன்."

மாமா என்னைக் காட்டியிருக்கலாம். பக்கத்தில்தான் நின்றேன். இந்தப் பெண்தான் தடுத்தது என்று ஒரு விரலை நீட்டினால் போதும். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"வரல" என்றார். "அதுவும் என் சாலாதான்."

என்னுடையது மேடை ஏறினால் இறங்காத வாய். பெரிதாக ஒன்றும் வரவில்லை. அந்தக்காவின் ஊன்றுகோலைப் பார்த்துக்கொண்டே, மாமா வரத்தான் இருந்தார், அப்பா சாவியைக்கூட எடுத்துவிட்டார், நான்தான் வாசலில் நின்று மறித்தேன் என்று சொல்லிவிட்டேன்.

"நீ யாரு?" என்றார் அந்தக்கா.

"லா படிக்கிறேங்க்கா."

"போகக் கூடாதுன்னு அங்க சொல்லிக் குடுத்தாங்களா?"

"ஆமாங்க்கா."

"அப்ப கட்டுன ஃபீஸத் திருப்பிக் கேளு."

மாமாவின் தோள் ஒருமுறை குலுங்கியது. சிரித்தாரா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தக்கா ஊன்றுகோலை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு இடம் விட்டார். நிமிர்ந்து பார்த்துக் கழுத்து வலிக்கிறது, இரண்டு பேரும் உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தோம்.

"வலி இருக்கா?" என்று கேட்டார் மாமா.

டாக்டர் கேட்டிருப்பார், லாயர் கேட்டிருப்பார், எல்லோரும் எழுதிக்கொள்வதற்காகக் கேட்டிருப்பார்கள். அந்தக்கா ஆரம்பித்தார். விடிகாலைக் குளிரில் உள்ளே இருக்கும் கம்பி எப்படிக் கடுக்கும் என்று சொன்னார். படுக்கையில் எந்தப் பக்கம் திரும்ப முடியாது, குளியலறையில் எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், வேனைக் கண்டால் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும், ஹோட்டல் வேலை போன அன்றைக்கு யாரிடமும் சொல்லாமல் படியில் உட்கார்ந்திருந்தது, எல்லாம் சொன்னார். மாமா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. முன்னால் குனிந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அறைக் கதவு திறந்தது. கூர்மையான ஷூ லாயர் வெளியே வந்து, நாங்கள் உட்கார்ந்திருந்த பழைய முனையைப் பார்த்தார். காலி. பிறகுதான் எங்களைக் கண்டுபிடித்தார். பேசி முடித்தாயிற்று, உள்ளே வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று மாமாவை முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

மாமா திரும்பாமல் கையை மட்டும் உயர்த்தினார்.

"கொஞ்சம் இருங்க சார். இவங்க இன்னும் சொல்லி முடிக்கல."